தாளைப் பார்த்துப் படிக்கலாமா? மேடைப்பேச்சின் வகைகளும் பேசும் முறைகளும்

1904ஆம் ஆண்டு ஏப்ரல் 22 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவையில் 29 வயது உறுப்பினர் ஒருவர் தொழிற்சங்க மசோதா பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் தடையின்றி ஓடிய பேச்சு, ஒரு வாக்கியத்தின் நடுவில் சட்டென்று நின்றுபோனது. அடுத்த சொல் வரவில்லை. சில நொடிகள் தடுமாறினார். பொறுமையாகக் கேட்ட உறுப்பினர்களுக்கு நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். அவர் வின்ஸ்டன் சர்ச்சில்.

அவருக்கு அவைக்கூச்சம் எதுவும் இல்லை. பேச எடுத்த பொருளும் நன்றாகத் தெரிந்ததுதான். முழுப் பேச்சையும் வரி பிசகாமல் மனப்பாடம் செய்துவந்திருந்தார், சிக்கல் அங்கேதான் இருந்தது. மனப்பாடம் ஒரு சங்கிலி. ஒரு கண்ணி அறுந்தால் அதற்குப் பின்னால் இருப்பது எதுவும் கைக்கு வராது. குறுக்கீடும் எதிர்க்கேள்வியும் நிறைந்த விவாத மன்றத்துக்கு அந்தச் சங்கிலியை எடுத்துக்கொண்டு போனார் அவர். அன்றைக்குப் பிறகு கையில் குறிப்புத் தாள் இல்லாமல் அவர் முக்கியமான பேச்சு எதற்கும் எழுந்ததில்லை.

மேடைப்பேச்சு பற்றி நம்மிடம் ஊறிப்போன எண்ணம் ஒன்று உண்டு. கையில் எதுவும் இல்லாமல் மடை திறந்த வெள்ளம் போலப் பேசுகிறவர் முதல்தரம். குறிப்பு வைத்துப் பேசுகிறவர் இரண்டாந்தரம். தாளைப் பார்த்துப் படிக்கிறவர் கடைசி வரிசை. இந்தத் தரவரிசை தவறானது என்பதுதான் நான் சொல்ல வருவது. என்ன வகைப் பேச்சு என்பதைக் கொண்டுதான் அதைப் பேசும் முறையைத் தீர்மானிக்க வேண்டும். நல்ல சரக்கோடு மேடையேறி, முறை பொருந்தாமல் தோற்ற பேச்சுகள் ஏராளம்.

எதற்காகக் கூடியிருக்கிறார்கள்?

பேச்சு வகைகளைப் பிரித்தவர்களில் பழையவரும் இன்றும் பயன்படுகிறவரும் அரிஸ்டாட்டில். கி.மு. நான்காம் நூற்றாண்டில் அவர் செய்த பிரிவின் அழகு, பேசுகிறவரை விட்டுவிட்டுக் கேட்கிறவரிடமிருந்து தொடங்கியதில் இருக்கிறது. எதிரே இருப்பவர் இனி என்ன செய்வது என்று முடிவெடுக்க வந்தவரா? அப்படியானால் அது எதிர்காலம் பற்றிய பேச்சு. ஆட்சி மன்றங்களுக்கு உரியது. நடந்தது சரியா, தவறா என்று தீர்ப்புச் சொல்ல வந்தவரா? அது கடந்த காலம் பற்றியது, நீதிமன்றத்துக்கு உரியது. இரண்டும் இல்லாமல், ஒருவரைப் பாராட்டவோ ஓர் இழப்பை நினைவுகூரவோ கூடியவரா? அது அந்தக் கணத்துக்கு உரிய பேச்சு. விழாவும் இரங்கல் கூட்டமும் இதில் அடங்கும்.

இன்றைய பாடநூல்கள் இதையே சற்று மாற்றி, தகவல் சொல்லும் பேச்சு, இணங்க வைக்கும் பேச்சு, நிகழ்வுக்குரிய பேச்சு என்கின்றன. மகிழ்விக்கும் பேச்சைத் தனி வகையாகச் சேர்ப்பவர்களும் உண்டு. தமிழில் நிகழ்வுக்குரிய பேச்சுக்கு மட்டும் எத்தனை பெயர்கள் என்று பாருங்கள்: வரவேற்புரை, அறிமுகவுரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை, ஏற்புரை, இரங்கலுரை, நன்றியுரை. ஒவ்வொரு பெயரிலும் ஒரு வேலை ஒளிந்திருக்கிறது. அறிமுகவுரையின் வேலை, பேசப்போகிறவரை நோக்கி அவையைத் திருப்பிவிட்டு விலகிக்கொள்வது. அதை மறந்து, அவர் சொல்லப்போவதையெல்லாம் தானே சொல்லி முடித்துவிட்டு மைக்கைக் கொடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். வாழ்த்துரை அரை மணி நேரம் நீண்டால், சிறப்புரைக்கு வருவது களைத்துப்போன காதுகள்தான்.

ஒரே பொருள் வகைக்கு வகை எப்படி உருமாறும் என்பதற்கு இரத்ததானத்தை எடுத்துக்கொள்வோம். தானமாகப் பெற்ற இரத்தத்தைச் சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு எனப் பிரிப்பதையும், சிவப்பணுக்களை 42 நாள் வரை சேமிக்கலாம், தட்டணுக்கள் 5 முதல் 7 நாள்தான் தாங்கும் என்பதையும் விளக்கினால் அது தகவல் பேச்சு. கேட்டவர் புரிந்துகொண்டு போனால் வேலை முடிந்தது. வரும் வெள்ளிக்கிழமை முகாமுக்கு நீங்கள் வர வேண்டும் என்றால் அது இணங்க வைக்கும் பேச்சு. அங்கே 42, 5 என்ற எண்களை விட, ஊசிக்குப் பயந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவரின் தயக்கம் முக்கியம். ஐம்பதாவது முறை கொடுத்தவருக்குப் பாராட்டு விழா என்றால் எண்களுக்கு இடமே இல்லை. அவரைப் பற்றிப் பேச வேண்டும், அவ்வளவுதான். பாராட்டு விழாவில் தட்டணு பற்றிப் பாடம் நடத்துகிறவர் பொருளைத் தெரிந்தவர், அவையைத் தெரியாதவர்.

திருக்குறளில் அவையறிதல் 72ஆம் அதிகாரம், அவையஞ்சாமை 73ஆம் அதிகாரம். இந்த வரிசையை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். பயத்தைப் போக்கிக்கொள்வது எப்படி என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். யார் முன்னால், எதற்காக என்று தெரிந்துகொண்டவருக்கு அந்தப் பயத்தில் பாதி தானே கரைந்துவிடும்.

தகவல் பேச்சை வறண்டது என்று ஒதுக்குகிறவர்கள் 1933 மார்ச் 12 இரவை நினைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் வங்கிகள் வரிசையாக வீழ்ந்துகொண்டிருந்தன. பதவியேற்று எட்டே நாள் ஆன அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், நாட்டின் வங்கிகள் அனைத்தையும் மூடிவைத்திருந்தார். அன்று இரவு வானொலியில் கால் மணி நேரத்துக்கும் குறைவாகப் பேசினார். வங்கியைப் பற்றிச் சில நிமிடங்கள் பேச விரும்புகிறேன் என்று தொடங்கியவர், நீங்கள் போடும் பணத்தை வங்கி அப்படியே பெட்டகத்தில் பூட்டி வைப்பதில்லை, கடனாகவும் முதலீடாகவும் சுழலவிடுகிறது என்பதிலிருந்து படிப்படியாக விளக்கினார். எல்லோரும் ஒரே நாளில் திருப்பிக் கேட்டால் நல்ல வங்கியும் ஏன் தடுமாறும் என்று சொன்னார். மெத்தைக்கு அடியில் வைப்பதை விட, மீண்டும் திறக்கும் வங்கியில் போடுவது பாதுகாப்பானது என்றார். மறுநாள் வங்கிகள் திறக்கத் தொடங்கியபோது, பணத்தைத் திரும்பப் போடுவதற்காக மக்கள் வரிசையில் நின்றார்கள். அந்தப் பேச்சு முழுவதும் எழுதி வைத்துப் படிக்கப்பட்டது. கேட்டவர்களுக்கோ, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒருவர் பேசுவது போலிருந்தது.

இணங்க வைக்கும் பேச்சுக்கு அமெரிக்கப் பேராசிரியர் ஆலன் மன்றோ 1930களில் வகுத்த ஐந்து படிகள் இன்றும் கைகொடுக்கின்றன: கவனத்தை ஈர்த்தல், குறையைக் காட்டுதல், தீர்வைச் சொல்லுதல், தீர்வுக்குப் பின் நிலைமை எப்படி இருக்கும் என்று கண்முன் நிறுத்துதல், செய்ய வேண்டிய ஒரு செயலைக் கேட்டல். பலர் நான்கு படிகளையும் நன்றாக ஏறிவிட்டு ஐந்தாவதில் தயங்குகிறார்கள். ‘சிந்தியுங்கள்’ என்று முடித்தால் வீட்டுக்குப் போகும் வழியிலேயே மறந்துவிடுவார்கள். ‘வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வாருங்கள்’ என்று கேட்க வேண்டும்.

நான்கு முறைகள்

எழுதியதைப் படித்தல், மனப்பாடமாகச் சொல்லுதல், முன்னேற்பாடின்றிப் பேசுதல், குறிப்பு வைத்துக்கொண்டு பேசுதல் என்று பேசும் முறைகளை நான்காகச் சொல்வது வழக்கம்.

படிப்பதிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதற்குத்தான் கெட்ட பெயர். ஒரு சொல் மாறினால் பொருளே மாறிவிடும் இடங்களில் படிப்பதுதான் பொறுப்பான முறை. நாடுகளுக்கிடையிலான அறிக்கை, நீதிமன்றத் தீர்ப்பு, மத்திய வங்கியின் வட்டி அறிவிப்பு, விபத்துக்குப் பின் நிறுவனம் தரும் விளக்கம் எல்லாம் இதில் சேரும். இங்கே ‘வாய்க்கு வந்ததைப் பேசுவேன்’ என்பது வீரத்தில் சேர்த்தியாகாது. சிக்கல் எங்கே வருகிறதென்றால், கண்ணுக்காக எழுதியதைக் காதுக்குப் படிப்பதில்தான்.

தமிழில் இந்தச் சிக்கல் கூடுதல். நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. ‘செய்து’, ‘பெற்று’, ‘கருதி’ என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். தாளில் படிக்கும் கண் திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்ளும். காதுக்கு அந்த வசதி கிடையாது. இந்த வாக்கியத்தை உரக்கப் படித்துப் பாருங்கள்: ‘முகாம்களின் வாயிலாகப் பெறப்படும் குருதியைப் பகுத்து மூன்று கூறுகளாகச் சேமித்து அவற்றுள் தட்டணுக்களை மிகக் குறுகிய காலத்துக்குள் பயன்படுத்த வேண்டியுள்ளதைக் கருத்தில் கொண்டு முகாம்களைத் தொடர்ச்சியாக நடத்த வேண்டியது இன்றியமையாததாகிறது.’ எங்கே போகிறோம் என்று தெரியாமல் கேட்பவர் கடைசிச் சொல் வரை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வர வேண்டும். இதையே, ‘தானமாகக் கொடுத்த இரத்தத்தை மூன்றாகப் பிரிக்கிறார்கள். அதில் ஒன்று தட்டணு. அதன் ஆயுள் ஒரு வாரத்துக்கு மேல் இல்லை. போன மாதம் கொடுத்தது இந்த மாத நோயாளிக்கு உதவாது. அதனால்தான் மறுபடி மறுபடி கேட்கிறோம்’ என்று சொல்லலாம். செய்தி அதேதான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கேட்பவர் ஒரு சுமையை இறக்கி வைத்துவிடுகிறார்.

இன்னொன்றும் உண்டு. தமிழில் மறுப்பும் கடைசியில்தான் வரும். நீண்ட வாக்கியம் ஒன்றைச் சொல்லிவிட்டு ‘என்று நான் கருதவில்லை’ என்று முடித்தால், அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்தவர் திடுக்கிடுவார். ‘இதை நான் ஏற்கவில்லை’ என்று முதலில் சொல்லிவிட்டுக் காரணத்துக்குப் போவது மேடைக்கு ஏற்றது.

சர்ச்சில் கண்டுபிடித்த வழி படிப்பவர்களுக்கெல்லாம் பயன்படும். அவருடைய பேச்சுத் தாள்களில் பத்தி என்பதே இருக்காது. கவிதை போல வரி வரியாக உடைத்துத் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். ஒரு மூச்சில் சொல்வது ஒரு வரி. குனிந்து ஒரு வரியை எடுத்துக்கொண்டு, நிமிர்ந்து அவையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மறுபடி குனியலாம். கண்ணும் தொலைந்துபோகாது, அவையும் தொலைந்துபோகாது.

எதிரே கண்ணாடித் திரையில் எழுத்து ஓடும் டெலிபிராம்ப்டர் 1950 வாக்கில் நடிகர்களுக்காக உருவானது. விரைவில் அரசியல் மேடைக்கு வந்துவிட்டது. அதை நம்புகிறவர்களுக்கு 1993 செப்டம்பர் 22 ஓர் எச்சரிக்கை. அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் சுகாதாரத் திட்டம் பற்றி நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் பேச நின்றபோது, திரையில் ஓடியது அதே ஆண்டின் தொடக்கத்தில் அவர் ஆற்றிய பொருளாதார உரை. பிழை சரியாகும்வரை ஏறத்தாழ ஏழு நிமிடம் அவர் திரையை நம்பாமல் பேசினார். கேட்டவர்கள் பெரும்பாலோருக்கு எதுவும் தெரியவில்லை. வரிகள் மட்டுமல்லாமல் விஷயமும் கைவசம் இருந்ததால் தப்பித்தார்.

மனப்பாடத்துக்கு உரிய இடம் சிறியது. பேச்சின் முதல் இரண்டு வாக்கியம், கடைசி இரண்டு வாக்கியம், சில நிமிட வாழ்த்து, ஒரு மேற்கோள். இவற்றுக்கு மேல் போகிறவர் எட்வர்ட் எவரெட் போல நல்ல பயிற்சி உள்ளவராக இருக்க வேண்டும். 1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க் கல்லறைத் திடலில் அந்த 69 வயது மனிதர் இரண்டு மணி நேரப் பேருரையை நினைவிலிருந்தே பேசினார். அடுத்துத் தாளோடு எழுந்த லிங்கன் ஏறத்தாழ 270 சொற்களில், இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொண்டார். நீங்கள் இரண்டு நிமிடத்தில் தொட்ட மையக் கருத்தை நான் இரண்டு மணி நேரத்தில் நெருங்கியிருந்தால் மகிழ்வேன் என்று மறுநாளே லிங்கனுக்கு எழுதினார் எவரெட். அதைச் சொல்ல எவ்வளவு பெரிய மனம் வேண்டும்! எவரெட்டை வெறும் நீட்டி முழக்கியவராகக் காட்டுவது அநியாயம். அன்றைய நிகழ்ச்சியில் முதன்மைப் பேச்சாளர் அவர்தான். அவரிடம் எதிர்பார்த்ததும் அந்த நீளம்தான்.

முன்னேற்பாடில்லாத பேச்சு என்றால் எனக்கு நினைவுக்கு வருவது 1968 ஏப்ரல் 4. தேர்தல் பரப்புரைக்காக இந்தியானாபொலிஸ் நகருக்கு வந்த ராபர்ட் கென்னடிக்கு, மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி வழியில் கிடைத்தது. கூடியிருந்த கறுப்பின மக்களில் பலருக்கு அது இன்னும் தெரியாது. லாரி ஒன்றின் பின்தளத்தில் ஏறி நின்ற கென்னடி, முதலில் தன் பெயர் தாங்கிய பதாகைகளைக் கீழே இறக்கச் சொன்னார். அந்த ஒரு வேண்டுகோளில் பரப்புரைக் கூட்டம் இரங்கல் கூட்டமாக மாறியது. செய்தியைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். தன் குடும்பத்திலும் ஒருவர் கொல்லப்பட்டார் என்று, அண்ணன் ஜான் கென்னடியை மனத்தில் வைத்துச் சொன்னார். கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் வரிகளை நினைவிலிருந்து சொன்னார். எல்லாம் ஆறு நிமிடத்துக்குள். அன்றிரவு நூற்றுக்கும் மேற்பட்ட அமெரிக்க நகரங்களைச் சூழத் தொடங்கிய கலவரம் அந்த நகரத்தில் மூளவில்லை. இந்தப் பேச்சுக்கு அதில் பங்குண்டு என்று பலரும் நம்புகிறார்கள்.

பேச்சு எழுதப்படவில்லை, ஆனால் ஈஸ்கிலஸின் வரிகளை அவர் அன்று மாலை கற்றுக்கொள்ளவில்லை. அண்ணனை இழந்த ஆண்டுகளில் படித்துப் படித்து ஊறியவை அவை. திடீரென்று எழுந்து நன்றாகப் பேசுகிறவர்கள் எல்லோரும் பல ஆண்டுகளாகத் தயாரானவர்கள்தான். சாதாரணக் கூட்டத்தில் ‘நீங்களும் இரண்டு வார்த்தை’ என்று மைக் கைக்கு வந்தால், பெரிய உத்திகள் வேண்டாம். ஒரு கருத்து, அதற்கு ஒரு காரணம், கண்ணால் கண்ட ஓர் உதாரணம், மறுபடி அந்தக் கருத்து. இரண்டு நிமிடத்துக்கு இது போதும். ‘எனக்குப் பேசத் தெரியாது’ என்ற முன்னுரையை மட்டும் விட்டுவிடுங்கள்.

நான்காவது முறைதான் பெரும்பாலான பேச்சுகளுக்கும் பெரும்பாலான மனிதர்களுக்கும் பொருந்துவது. என்ன சொல்வது, எந்த வரிசையில் சொல்வது என்பது முன்பே உறுதியாகிவிடும். சொற்கள் மேடையில் பிறக்கும். என்னுடைய வழக்கம் உள்ளங்கை அளவு அட்டை ஒன்று. இரத்ததானப் பேச்சுக்கு அதில் ஆறே வரி இருக்கும்: ‘கடைசி வரிசை – ஊசி பயம்’, ‘மூன்றாகப் பிரிப்பது’, ‘42 / 5–7’, ‘மருத்துவமனை இரவு – கதை’, ‘யார் கொடுக்கக் கூடாது’, ‘வெள்ளி, 10 மணி’. முழு வாக்கியம் ஒன்றுகூடக் கிடையாது. முழு வாக்கியம் எழுதினால் கண் அதைப் படிக்கத் தொடங்கிவிடும். எண்ணும் பெயரும் தேதியும் மட்டும் தவறாமல் எழுதுவேன், நாக்கு பிசகுவது அங்கேதான்.

உண்மையில் பெரிய பேச்சுகள் இந்த நான்கில் ஒன்றோடு நின்றுவிடுவதில்லை. 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் இரண்டரை லட்சம் பேர் முன்னால் கிங் பேசியதன் பெரும்பகுதி எழுதி வைத்த உரை. கறுப்பின மக்களிடம் அமெரிக்கா கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பியது என்ற உவமை அந்த எழுத்தில் இருந்ததுதான். இறுதிப் பகுதிக்கு வந்தபோது, அருகிலிருந்த பாடகி மஹேலியா ஜாக்சன் அந்தக் கனவைப் பற்றிச் சொல்லும்படி குரல் கொடுத்தார். கிங் தாளை விட்டு நிமிர்ந்தார். அதன் பிறகு வந்ததுதான் உலகம் நினைவில் வைத்திருக்கும் பகுதி. ஆனால் அந்தக் கனவை அவர் முன்பும் பேசியிருக்கிறார். இரண்டு மாதம் முன்னால் டெட்ராய்ட் கூட்டத்திலும் பேசினார். சொல்லிச் சொல்லிப் பழகியிருந்ததால்தான் அந்த நொடியில் எடுக்க முடிந்தது.

குரலும் மௌனமும்

பேச்சுக் கலையில் முதன்மையானது எது என்று கேட்டபோது, சொல்லும் விதம் என்றாராம் டெமஸ்தனிஸ். இரண்டாவது? அதுவே. மூன்றாவது? அதுவே. கிரேக்கத்தின் மிகப் பெரிய பேச்சாளர் சொன்னதாக வழங்கிவரும் இந்தப் பதிலை மிகைப்படுத்தி, ‘சொற்களின் பங்கு 7 விழுக்காடுதான், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55’ என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். தயவுசெய்து இதை நம்ப வேண்டாம். உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ரேபியன் 1967இல் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் இவை. ஒருவர் சொல்லும் சொல்லும் தொனியும் முகமும் முரண்படும்போது, அவருக்கு நம்மைப் பிடிக்கிறதா இல்லையா என்பதை எதை வைத்து ஊகிக்கிறோம் என்பதே அங்கே கேள்வி. எல்லாப் பேச்சுக்கும் இது விதி என்றால், தெரியாத மொழியில் ஒருவர் பேசினாலும் 93 விழுக்காடு புரிய வேண்டும்.

சொல் முதலில் வேண்டும். பிறகு அதைக் கேட்க வைக்கும் குரல். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி ஆளுக்குக் கேட்க நீட்டி இழுத்துப் பேச வேண்டியிருந்தது. மைக் வந்த பிறகும் அதே முழக்கத்தில் பேசுவது பழக்கதோஷம். ரூஸ்வெல்ட் வானொலியில் வென்றது குரலைத் தாழ்த்தி, வேகத்தைக் குறைத்ததால்.

குரலை விடவும் கடினமானது மௌனம். பேசுகிறவருக்கு இரண்டு நொடி இடைவெளி ஒரு யுகமாகத் தோன்றும்; ‘வந்து’, ‘அதாவது’ என்று அதை அடைத்துவிடத் துடிப்பார். கேட்பவருக்கோ அந்த இரண்டு நொடி, இப்போது கேட்டதை வைத்துக்கொள்ள ஓர் இடம். திக்குவாயோடு வாழ்ந்த பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜ், 1939 செப்டம்பர் 3 அன்று போர் தொடங்கியதை வானொலியில் நாட்டுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஆறு நிமிட அளவு உரை. அவருக்குப் பயிற்சியளித்த லயனல் லோக், மன்னரின் உரைகளில் நாக்கு சிக்கும் சொற்களை அடித்து வேறு சொல் போடுவார். நிற்க வேண்டிய இடங்களைத் தாளிலேயே குறித்துவைப்பார். குறைபாட்டை மறைக்கப் போட்ட அந்த நிறுத்தங்கள், கேட்டவர்களுக்கு நிதானமாகவும் உறுதியாகவும் ஒலித்தன.

உங்கள் அடுத்த பேச்சின் தாளையோ அட்டையையோ எடுத்து, இரண்டு முறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். முதல் முறை கடிகாரத்தை வைத்துக்கொண்டு. கொடுத்த நேரத்தைத் தாண்டினால் ஒரு பகுதியை முழுதாக எடுத்துவிடுங்கள், வேகத்தைக் கூட்ட வேண்டாம். இரண்டாம் முறை பென்சிலோடு. எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே ஒரு கோடு, எந்த வரியை அவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டுமோ அதன் கீழே இரண்டு கோடு. மேடையில் அந்த இரட்டைக் கோட்டுக்கு வந்ததும் நிறுத்தி, நிமிர்ந்து, கடைசி வரிசை வரை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.